செத்தவர் பேசலாமா?

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த நாங்கள் நான்கு பேரும் இன்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். இரவுச் சாப்பாடு முடிந்து போனில் பிஜிஎம்ஐ ஆடுவதுதான் எங்களை இன்னும் சேர்த்து வைத்திருக்கிறது. விமானத்திலிருந்து குதித்து, ஒருவரையொருவர் சுட்டு, கடைசிவரை உயிரோடிருக்கும் அணி ஜெயிக்கும் ஆட்டம் அது. 2020 செப்டம்பரில் பப்ஜி தடை செய்யப்பட்டபோது சில மாதங்கள், கூட்டத்தில் ஒளிந்திருக்கும் கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் ‘அமங் அஸ்’ ஆடினோம். 2021 ஜூலையில் பப்ஜியின் இந்தியப் பதிப்பாக பிஜிஎம்ஐ வந்ததும் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டோம்.

இப்போது எங்கள் வாட்ஸ்அப் குழு பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறது. காரணம் ம. என்ற நண்பன். ஆட்டத்தில் அவன் செத்த மறுநொடியே அதை விட்டு வெளியேறிவிடுவான். பல நாள் வேறு யாருடனோ அடுத்த ஆட்டத்தையும் தொடங்கிவிடுவான். நாங்கள் மூவரும் தாக்குப்பிடித்து, ஆடும் இடம் சுருங்கிச் சுருங்கி வரும் கடைசி வட்டம் வரை வந்து ஜெயித்தாலும் அதைப் பார்க்க அவன் இருக்கமாட்டான். நான் அப்படியில்லை. செத்த பிறகும் கடைசிவரை இருந்து, எதிரி எங்கே, எந்தப் பக்கம் ஓடவேண்டும், எந்தத் துப்பாக்கியை எடுக்கவேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

போதாதற்கு, ம. வராத நாட்களில் இன்னொரு நண்பன் தன் தங்கையைச் சேர்த்துக்கொள்கிறான். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வீட்டுக்குள் போனால் வெளியே வரத் தெரியாமல் சுவரில் மோதிக்கொண்டிருப்பாள். எங்கள் ராங்க் இறங்கிக்கொண்டே போகிறது.

சென்ற முறை ம. வெளியேறியதும் பொறுக்கமுடியாமல் கொஞ்சம் கடுமையாகவே குரல்பதிவு அனுப்பினேன். “விளையாட்டுதானே, இதில் என்ன மரியாதை” என்று பதில் போட்டான். நண்பர்களோடு வீடியோ கேம் ஆடுவதில் நடத்தை முறை என்று ஏதாவது உண்டா? என் பக்கம் நியாயம் இருக்கிறதா?

ர., ஓசூர்

*

அன்புள்ள ர.,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாதி இருக்கிறது.

உங்கள் நண்பர் செய்ததை விலாவாரியாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் செய்வதை, ஒரு நற்சான்றிதழ் போல, “நான் அப்படியில்லை” என்று தொடங்கி ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு உறுத்தியது அந்த வரிதான்.

செத்தபின் உங்களுக்குத் தெரிவது என்ன? உயிரோடு இருக்கும் நண்பனின் திரை. அவன் பார்ப்பதைத்தான் நீங்களும் பார்க்கிறீர்கள். மரத்தின் பின்னால் ஒருவன் இருக்கிறான் என்று நீங்கள் கத்தும்போது அவனும் அதைப் பார்த்திருப்பான், அல்லது பார்க்கப்போகிற நொடியில் இருப்பான். அவனிடம் இல்லாத எதையும் நீங்கள் கொடுப்பதில்லை. ஆனால் அவனிடம் இருக்கும் ஒன்றைப் பறித்துக்கொள்கிறீர்கள். காதைச் சொல்கிறேன். ஆட்டத்தில் வரும் பொச்சின்கி என்ற ஊரில் ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தில் கடைசி ஆளாக அவன் பதுங்கியிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே கதவு திறக்கும் சத்தம், படியில் ஏறும் காலடி, பாதிப் படியில் அது நிற்பது: அவன் பிழைப்பதற்கு இருக்கும் தகவல் அவ்வளவுதான். அதன்மேல்தான் உங்கள் குரல் விழுகிறது. “படி, படி, படியில் வருகிறான்” என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அவன் சுடப்பட்டிருப்பான். பிறகு “சொன்னேனே” என்றும் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன். நூறு பேர் இறங்கும் ஆட்டத்தில் கடைசிப் பத்துப் பேருக்குள் தனியாக வந்து நிற்பவன் செவிடனாக ஆடவேண்டியிருப்பது கொடுமை.

செத்தவர் சொல்லவேண்டியது ஒன்றே ஒன்று உண்டு. தன்னைச் சுட்டவன் எங்கே இருந்தான் என்பது. அதை அவர் மட்டுமே அறிவார். திரையின் உச்சியில் திசைகாட்டியும் எண்களும் அதற்காகத்தான் இருக்கின்றன. “105, மேட்டு வீடு, இரண்டு பேர், ஒருவனுக்கு அடி பட்டிருக்கிறது.” இவ்வளவு போதும். “அங்கே, அந்தப் பக்கம், டேய் அங்கே” என்பது யாருக்கும் உதவாது. சொல்லிவிட்டு மைக்கை அணைத்துவிடலாம். நண்பன் கேட்டால் பேசலாம்.

‘அமங் அஸ்’ ஆடியவர் நீங்கள். செத்தவர்கள் தங்களுக்குள் மட்டும்தான் எழுதிக்கொள்ளமுடியும், உயிரோடிருப்பவர்கள் கண்ணில் அது படாது என்பதை அங்கே ஆட்டமே பார்த்துக்கொள்கிறது. ஆனால் நண்பர்கள் தனியாக ஓர் அழைப்பில் பேசிக்கொண்டு ஆடும்போது அந்தப் பூட்டு வேலை செய்யாது. அவரவர் வாயை அவரவரே மூடிக்கொள்ளவேண்டும். கொன்றவனைக் கண்ணால் பார்த்துவிட்டுச் செத்தவர் “ஐயோ, இவனா!” என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், எல்லோருடைய ஆட்டமும் அங்கேயே முடிந்தது. அந்த மாதங்களில் நீங்கள் இதை ஒழுங்காகக் கடைப்பிடித்திருப்பீர்கள், இல்லாவிட்டால் நண்பர்கள் விட்டிருக்கமாட்டார்கள். பிஜிஎம்ஐயில் செத்தவரின் மைக்கை ஆட்டம் அணைப்பதில்லை என்பதால் பேசுவது உரிமை ஆகிவிட்டது. திண்ணையில் ஆடுபுலி ஆட்டம் நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு காயைத் தொட்டுக் காட்டுகிற மாமா ஒருவர் எல்லா ஊரிலும் உண்டு. அவர் பொதுவாக நல்ல மனிதராகத்தான் இருப்பார். ஆடுகிற இருவரும் அவர் எப்போது எழுந்து போவார் என்றுதான் காத்திருப்பார்கள்.

இனி ம. பற்றி. செத்தபின் வெளியேறுவதையே குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். இறங்கிய இரண்டாவது நிமிடத்தில் செத்தவர், மற்றவர்கள் ஆடி முடிக்க இன்னும் அரை மணி நேரம் ஆகலாம் என்னும்போது, போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும் என்று எந்த நியாயம் சொல்கிறது? அவருக்கும் வீடு இருக்கிறது, மறுநாள் வேலை இருக்கிறது. “கிளம்புகிறேன், முடிந்ததும் கூப்பிடு” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். ஆட்டத்தின் முற்பகுதியில் செத்தவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் வசதி இருந்தால் அந்த நேரம் கடக்கும்வரை பொறுப்பது முறை. ஏனென்றால் மற்றவர்கள் அவருக்காக உயிரைப் பணயம் வைத்து ஓடிக்கொண்டிருப்பார்கள்.

பொறுத்துக்கொள்ளவே முடியாதது வேறொன்று. அடிபட்டு விழுந்தவர் உடனே சாவதில்லை, தவழ்கிறார், ரத்தம் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு நண்பன் புகைக்குண்டை வீசிவிட்டு, மறைவிடத்தை விட்டு வெட்டவெளியில் ஓடிவந்து, பக்கத்தில் மண்டியிட்டுத் தூக்கிவிடுகிறான். அதற்குச் சில நொடிகள் பிடிக்கும், அதற்குள் அவனால் சுடவும் முடியாது. அந்த நொடிகளில் “எப்படியும் சாகத்தானே போகிறோம்” என்று விழுந்தவர் வெளியேறிவிட்டால், காப்பாற்ற வந்தவன் யாரும் இல்லாத இடத்தில் மண்டியிட்டுக்கொண்டிருப்பான். ம. இதைச் செய்திருக்கிறாரா? செய்திருந்தால் நீங்கள் கோபப்பட்டது சரி. வேறு ஆட்களோடு அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவிடுவதும் தவறுதான். இங்கே நீங்கள் முடித்ததும் நான்காவது ஆளுக்காக மூன்று பேர் லாபியில், அதாவது ஆட்டம் தொடங்குமுன் கூடும் திரையில், காத்துக்கிடக்கவேண்டும். மறுநாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு இரவு பதினொன்றரை மணிக்கு அரை மணி நேரம் சாதாரணமானதல்ல.

ஆனால் அவர் ஏன் உடனே கிளம்புகிறார் என்று கேட்டீர்களா? செத்தபின் அங்கே இருந்தால் கேட்கவேண்டியிருப்பது உங்கள் நேர்முக வர்ணனையை. எனக்குச் சந்தேகம் அதில்தான்.

“விளையாட்டுதானே” என்பது சோம்பேறிப் பதில். ஆட்டத்தின் விதிகளுக்கு வெளியே நண்பர்கள் தமக்கென்று விதி வைத்துக்கொள்வது வீடியோ கேமில் பழைய வழக்கம். 1997இல் நிண்டெண்டோ 64க்கு வந்த ‘கோல்டன்ஐ 007’ ஆட்டத்தில் ஒரே தொலைக்காட்சித் திரையை நான்காகப் பிரித்து நான்கு பேர் ஆடுவார்கள். அடுத்தவர் கட்டத்தை எட்டிப் பார்த்தால் அவர் எங்கே ஒளிந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும், அது தடையல்ல. ஆட்ஜாப் என்ற குள்ளமான பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தால் எதிராளியின் குறி தலைக்கு மேலே போய்விடும், அதுவும் தடையல்ல. ஆனாலும் வீட்டுக்கு வீடு பையன்கள் “ஆட்ஜாப் கூடாது” என்று சட்டம் போட்டார்கள். அந்தப் பாத்திரத்தை எடுப்பது ஏமாற்று வேலைதான் என்று அதை உருவாக்கியவர்களே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

உங்கள் நால்வருக்கும் அப்படி எந்தச் சட்டமும் இல்லை. அதற்கும் முன்னால், என்ன ஆடுகிறோம் என்பதிலேயே ஒப்பந்தம் இல்லை. நீங்கள் ராங்க் ஏற்ற வருகிறீர்கள். ம. அநேகமாக அரட்டைக்கு வருகிறார். தங்கையைக் கூட்டிவருபவருக்கு வீட்டில் ஒரு பொழுது போகவேண்டும். மூன்றும் தனித்தனியே நியாயமான ஆசைகள்தான். ஒரே ஆட்டத்தில் மூன்றையும் போட்டால் சண்டை வராமல் என்ன செய்யும்? லாபியில் இருக்கும்போதே “இன்று ராங்க்” அல்லது “இன்று சும்மா” என்று பேசிவிடுங்கள். ராங்க் நாளில் ம. வராவிட்டால் அவரைக் குறைசொல்லக் கூடாது. சும்மா ஆடும் நாளில் நீங்கள் யாரையும் விரட்டக் கூடாது. நீங்கள் கண்ணும் கருத்துமாகக் காக்கும் அந்த ராங்க் சீசன் முடிந்தால் எப்படியும் இறக்கப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சில்லறை விஷயங்கள். மைக்கைத் திறந்து வைத்துவிட்டு மின்விசிறியையும் குக்கர் விசிலையும் சீரியலையும் நண்பர்களுக்கு ஒலிபரப்பாதீர்கள். ஏகேஎம் வைத்திருப்பவர் 5.56 தோட்டாக்களை அள்ளிப் பையில் போட்டுக்கொள்வது அநாகரிகம். அவருடைய துப்பாக்கிக்கு வேண்டியது 7.62, அந்த 5.56 எம்416 வைத்திருக்கும் நண்பனுக்கு உரியது. சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்றால் விமானத்தில் ஏறுவதற்கு முன்பு சொல்லுங்கள், குதித்த பிறகு வேண்டாம்.

தங்கை விஷயத்தில் உங்கள் கடிதத்தின் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. இடது கட்டைவிரலால் நடப்பதும் வலது கட்டைவிரலால் பார்வையைத் திருப்புவதும் ஒரே சமயத்தில் நடக்கவேண்டும். பல வருடங்களாக ஆடுகிறவருக்கு அது சைக்கிள் ஓட்டுவதுபோல மறந்தே போய்விட்டிருக்கும். புதிதாக வருபவருக்கு ஒன்று செய்தால் மற்றது நின்றுவிடும், அதனால்தான் சுவரில் மோதுகிறார். எதிரிகள் இல்லாத பயிற்சி மைதானத்துக்கு அவரை அழைத்துப்போய்ப் பத்து நிமிடம் நடக்கவும் குறிபார்க்கவும் விடுங்கள். அவரோடு ஆடும் நாளில் பொச்சின்கியிலோ ராணுவத் தளத்திலோ குதிக்கவேண்டாம். எட்டுக்கு எட்டு கிலோமீட்டர் விரிந்த எராங்கல் வரைபடத்தில் ஆளில்லாத ஓரங்களுக்கா பஞ்சம்? முதல் வீட்டை அவரே திறந்து அவரே பொறுக்கட்டும். முக்கியமாக, அண்ணன் அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கித் தானே ஆடிக்காட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதியவர்களை ஆட்டத்தை விட்டே துரத்துவதற்கு அதைவிடச் சிறந்த வழி கிடையாது.

அந்தக் குரல்பதிவைத் தனியாக அனுப்பினீர்களா, குழுவில் போட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. குழுவில் என்றால் வருத்தத்தையும் குழுவிலேயே சொல்லுங்கள். ம.வுக்கு இன்னொரு குரல்பதிவு அனுப்பவேண்டாம், போன் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை பகலில் செய்வது நல்லது, ஆடும் நேரத்துக்குச் சற்று முன்னால் அல்ல.