காலண்டர் முருகனும் கப்பல் குதிரைகளும்

வாசகர் கேள்வி பதில். இந்த இதழில் பதில் சொல்பவர், அம்பாசமுத்திரத்தில் வசிக்கும் பொழுதுபோக்கு ஓவியர். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அக்கா, நீங்கள் வரையும் முகங்கள் சாமி காலண்டர் போல வழுவழுவென்று இருக்கின்றன. ஆனால் புடவை, நகை, குதிரை, மரம் எல்லாம் கோயில் சுவர் ஓவியம் மாதிரி கோடாக நிற்கின்றன. வேண்டுமென்றே செய்கிறீர்களா? யாருடைய பாதிப்பு இது?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

கண்டுபிடித்துவிட்டாயே, கெட்டிக்காரிதான்.

எங்கள் வீட்டில் ஓவியம் என்றால் அது காலண்டர்தான். பலசரக்குக் கடையில் வருஷா வருஷம் கொடுப்பார்கள். தேதித் தாள் எல்லாம் கிழித்து முடிந்த பிறகும் அம்மா அட்டையைத் தூக்கிப் போட மாட்டாள். சாமி படத்தை எப்படிப் போடுவது? அடுக்களையில் அரிசிப் பானைக்கு மேலே ஒரு முருகன், ஒரு லட்சுமி, ஒரு மீனாட்சி என்று வரிசையாகத் தொங்கும். அடுப்புப் புகையில் மஞ்சளாகிப்போன முருகனைப் பார்த்துத்தான் நான் வரையக் கற்றேன்.

அந்த மாதிரிப் படங்களுக்கெல்லாம் தலைமகன் கோவில்பட்டி கொண்டைய ராஜு. 1898-ல் பிறந்து 1976-ல் மறைந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர், கடைசியில் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்தவை சிவகாசியில் அச்சாகி ஊர் ஊராகப் போயின. அப்போது கோவில்பட்டியும் திருநெல்வேலி ஜில்லாதான். ஆகவே அவர் எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அப்படி ஒரு படம் கிடைத்தால் முருகனின் கன்னத்தை மட்டும் உற்றுப் பார். கோடு எங்கே இருக்கிறது? மூக்கு முடிந்து கன்னம் தொடங்கும் இடத்தைக் கோடு போட்டுச் சொல்ல மாட்டார்கள். ரோஸ் மெல்ல மெல்ல மஞ்சளாகும், மஞ்சள் வெளுத்துப் பளபளப்பாகும், அவ்வளவுதான். அந்த வழுவழுப்பு வரவேண்டும் என்று பென்சிலைப் பிளேடால் சுரண்டி, தூளைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து, நோட்டெல்லாம் கரியாகி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட நாட்கள் நிறைய.

கல்யாணமாகி வந்த பிறகுதான் திருப்புடைமருதூர் போனேன். தாமிரபரணியோடு கடனாநதி சேரும் இடம். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் நிலை நிலையாக ஏறினால் சுவரெல்லாம் நாயக்கர் காலத்து ஓவியம். அனுமதி கேட்டுத்தான் ஏற வேண்டும். படி குறுகல், உள்ளே இருட்டு, வௌவால் வாடை வேறு. கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். பழகிய பிறகு ஒரு சுவரில் கப்பல் தெரிந்தது, கப்பலில் குதிரைகள். அரபு நாட்டிலிருந்து குதிரை வந்து இறங்கிய காலத்தை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். செங்காவி, மஞ்சள், பச்சை, கறுப்பு. நிறங்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் இவைதான். நிழல் காட்டும் வேலையெல்லாம் அதிகம் இல்லை. நிறத்தைத் தட்டையாகப் பூசிவிட்டு, மேலே கறுப்பில் ஒரு கோடு. குதிரையின் கழுத்து அந்த ஒரு கோட்டிலேயே திமிறிக்கொண்டு நிற்கிறது. பஞ்சை வைத்து நான் மாய்ந்து மாய்ந்து தேடியதை ஒருவர் ஒரே இழுப்பில் முடித்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

இரண்டையும் கலக்க வேண்டும் என்று உட்கார்ந்து திட்டம் எதுவும் போடவில்லை. முகத்துக்கு வந்தால் கை பஞ்சைத் தேடுகிறது, புடவை மடிப்புக்கு வந்தால் நிப்பைத் தேடுகிறது. பாதிப்பை எல்லாம் உதறிவிட்டு 'சொந்த பாணி'க்கு வா என்று சொல்பவர்கள் உண்டு. உதறினால் என்ன மிஞ்சும் என்று அவர்கள் சொல்வதில்லை. காலண்டர் படம் கலையே இல்லை என்பவர்களும் உண்டு. அவர்கள் ஒரு கன்னத்தை அப்படி வரைந்து காட்டட்டும், அப்புறம் பேசலாம்.

வயல் பச்சை எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. டப்பாவில் உள்ள பச்சையைப் பூசினால் பிளாஸ்டிக் குடம் மாதிரி இருக்கிறது. மலையும் நீல அட்டை வெட்டி ஒட்டினது போல ஆகிவிடுகிறது. என்ன செய்ய?
– ஆசிரியர், கல்லிடைக்குறிச்சி

டப்பாப் பச்சையை முதலில் யாருக்காவது தானம் கொடுத்துவிடுங்கள் சார். பச்சையை நாமே கலக்க வேண்டும். எலுமிச்சை மஞ்சளோடு அல்ட்ராமரின் நீலத்தைத் தூரிகை முனையில் எடுத்துச் சேருங்கள். மஞ்சளில்தான் நீலம் போக வேண்டும், நீலத்தில் மஞ்சள் போட்டால் டப்பா காலியாகும், பச்சை வராது. பிறகு பர்ன்ட் சியன்னா ஒரு பொட்டு. அந்தச் செம்மண் நிறம் சேர்ந்தவுடன் பிளாஸ்டிக் மினுமினுப்பு அடங்கி, வெயிலில் நிற்கிற பச்சை வரும்.

ஆனால் எந்தப் பச்சை வேண்டும் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் தூரிகையை நனைக்க வேண்டும். உங்கள் ஊரில் இருந்துகொண்டு 'வயல் பச்சை' என்று ஒன்றே ஒன்றைச் சொல்கிறீர்களே! நாற்றங்கால் பச்சையில் பாதிக்கு மேல் மஞ்சள். நட்ட வயலில் முதல் சில நாள் பச்சையே கிடையாது. தண்ணீர்தான், அதில் வானமும் மலையும் தலைகீழாகக் கிடக்கும், நடுவில் சின்னச் சின்னக் கீறல்களாக நாற்று. பயிர் தூர் கட்டிய பிறகுதான் கரும்பச்சை. பிசானப் பருவ நெல்லில் கதிர் சாயும் சமயத்தில் பயிரின் தாள் இன்னும் பச்சையாக இருக்கும், மேலே மட்டும் வைக்கோல் நிறம் படரும். அதற்குக் காவி மஞ்சள் வேண்டும்.

மலை விஷயம் வேறு. நமக்குப் பொதிகை மேற்கே இருக்கிறது. காலையில் வெயில் நேராக மலைமேல் விழும், மடிப்பு, பள்ளம், பாறை எல்லாம் எண்ணிவிடலாம். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுவதால் மொத்த மலையும் ஒரே நீலத் தகடு. நீங்கள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு போய் உட்கார்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த நேரத்துக்கு அட்டை வெட்டின மாதிரி வருவதுதான் சரி. மடிப்பு வேண்டுமென்றால் சனி, ஞாயிறு காலையில் போங்கள். சாரல் நாட்களில் மலையை வரையாமல் விட்டுவிடலாம், தாளின் வெள்ளையே போதும்.

இன்னொன்று, போனில் படம் எடுத்து வந்து வீட்டில் வரையாதீர்கள். போன் கேமரா அகலமாகப் பார்க்கும். வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளைப் பெரிதாக்கி, மலையைக் குட்டிச் சுவர் அளவுக்குக் குறைத்துவிடும். நம் கண்ணுக்கு மலை அவ்வளவு சின்னது இல்லை.

கட்டம் போட்டு வரைவது ஏமாற்று வேலை என்று என் நண்பன் சொல்கிறான். சரியா?
– ஒரு வாசகர், சங்கரன்கோவில்

அவனைக் கட்டம் போடாமல் பத்தடிச் சுவரில் ஒரு முகம் வரையச் சொல்லுங்கள்.

எங்கள் கடைத்தெருவில் போர்டு எழுதும் அண்ணாச்சி ஒருவர் இருந்தார். கட்சித் தலைவர், சினிமா நடிகர், இரும்புக் கடை பெயர், எல்லாம் அவர் கைதான். படத்தின்மேல் ஓர் அங்குலக் கட்டம், சுவரில் ஓர் அடிக் கட்டம். நூலை நீலப்பொடியில் தோய்த்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நடுவில் ஒரு சுண்டு. டப்பென்று நேர்கோடு விழும். நூலின் ஒரு முனையைப் பிடிக்கும் வேலை எனக்கு. எந்தக் கட்டத்தில் கண் வருகிறது, எந்தக் கட்டத்தில் வெறும் நெற்றி வருகிறது என்று அவர் பார்க்கும் பார்வையில்தான் எனக்கு அளவு பிடிபட்டது. கட்டம் இடத்தைத்தான் காட்டும், கண்ணின் உயிரைக் காட்டாது. அது அண்ணாச்சியிடம் இருந்தது.

ஃபிளெக்ஸ் வந்தது. அண்ணாச்சி கடையைச் சாத்திவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது நம் ஊர் போர்டுகளில் 'ழ' எப்படி இருக்கிறது என்று பாருங்கள். எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

வயது 67. பக்கவாதம் வந்து பிழைத்தவன். வலது கை நடுங்குகிறது. இனிமேல் ஓவியம் கற்றுக்கொள்ள நினைப்பது பைத்தியக்காரத்தனமா?
– ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வள்ளியூர்

இல்லை ஐயா. ஓவியர் கோபுலுவுக்கு வாதம் வந்து வலது கை முடங்கியது. அவர் இடது கையால் வரையப் பழகி, வரைந்தும் காட்டினார். நீங்களும் இடது கையில் முயலலாம்.

வலது கையை விட மனம் இல்லை என்றால், சின்னத் தாளும் கூர்மையான பென்சிலும் வேண்டாம். நடுக்கம் அதில்தான் பெரிதாகத் தெரியும். பெரிய தாளைச் சுவரில் ஒட்டி, நின்றுகொண்டோ நாற்காலியில் உட்கார்ந்தோ, கரித்துண்டை எடுத்துத் தோளிலிருந்து வீசி வரையுங்கள். விரல் வேலையைத் தோள் பார்த்துக்கொள்ளும். முதலில் குடம், உரல், வாழைத்தார் என்று பெரிய உருவமாக எடுங்கள். முகம் பிற்பாடு.

ஓவியம் விற்பீர்களா? என்ன விலை?
– ஒரு வாசகி, தென்காசி

விற்றதில்லை. கல்யாண வீடுகளுக்கு மொய்யோடு சேர்த்துக் கொடுப்பேன். சில வீடுகளில் பரணில் கிடக்கிறது என்று தெரியும்.

குரு இல்லாமல் ஓவியம் வருமா? என் மகளுக்குப் பதினொரு வயது. இங்கே வகுப்புகள் இல்லை.
– ஒரு தாய், பாவூர்சத்திரம்

ரவிவர்மாவுக்கு நடந்ததைச் சொல்வார்கள். திருவனந்தபுரம் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ண நுணுக்கத்தைச் சொல்லித்தரவில்லையாம். அவரிடம் வேலை பார்த்த ஆறுமுகம் பிள்ளை என்பவர் ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் வந்து சொல்லிக்கொடுத்தாராம். ஆக, குரு என்பவர் பெரிய பெயரோடுதான் வருவார் என்பதில்லை. எனக்கு நூல் சுண்டிய அண்ணாச்சி, உங்கள் மகளுக்கு யாரோ.

பதினொரு வயதுக்கு வகுப்பைவிடத் தாள்தான் முக்கியம். விலை கூடிய தாள் வாங்கிக் கொடுத்தால் கெட்டுவிடுமோ என்று பிள்ளை பயந்து வரையும். ஒரு பக்கம் அச்சடித்த பழைய தாள்களைக் கட்டாகக் கொடுங்கள். 2பி, 6பி பென்சில் இரண்டு போதும். ரப்பரைக் கொஞ்ச நாள் ஒளித்து வையுங்கள். பெரியவளானதும் ஆசை இருந்தால் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் லோயர், ஹையர் என்ற இரண்டு நிலைகளையும் எழுதலாம். டிராயிங் ஆசிரியர் வேலைக்குப் போகிற எண்ணம் இருந்தால் அது உதவும்.

வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்துக்கொண்டு, எப்போதுதான் வரைந்தீர்கள்?
– வங்கி ஊழியை, திருநெல்வேலி டவுன்

ராத்திரி டியூட்டியில். வெளியூருக்கு ஆபரேட்டர் மூலம் பேசிய டிரங்க் கால் காலத்தில் ஒரு லைன் கிடைக்கக் காத்திருக்கும் நேரம் இருக்கிறதே, அது பெரிய வரம். கழித்துப்போட்ட படிவங்களின் பின்பக்கத்தில் பக்கத்து இருக்கைக்காரியின் காது, ஹெட்செட், கொண்டை. காது வரையச் சொன்னால் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். வீட்டில் சோறு வேகும் நேரம், சீரியல் ஓடும் நேரம். மாமியாருக்கு முதலில் பிடிக்கவில்லை. அவர் வெற்றிலை இடிப்பதை ஒருநாள் வரைந்து காட்டினேன். 'மூக்குத்திய விட்டுட்டியே' என்றார். அதன் பிறகு தடை இல்லை, திருத்தம் மட்டும்தான்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து ஓவிய நோட்டுகள் நனைந்துவிட்டன. காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். சில படங்கள் அப்படியே இருக்கின்றன, சில அழிந்துவிட்டன. ஏன் இப்படி? இனி எப்படிப் பாதுகாப்பது?
– ஒரு வாசகர், வண்ணாரப்பேட்டை

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது தம்பி. எந்தெந்தப் படம் தப்பியது என்று பாருங்கள். பென்சில், இந்தியன் இங்க் இவை பெரும்பாலும் இருக்கும். பென்சில் கிராஃபைட், அது தண்ணீரில் கரையாது. இந்தியன் இங்க் ஒருமுறை காய்ந்துவிட்டால் பிறகு நனைந்தாலும் பெரும்பாலும் அசையாது. வாட்டர் கலரும் போஸ்டர் கலரும் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் இளகிவிடும். ஸ்கெட்ச் பேனா சொல்லவே வேண்டாம். அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் மாதிரி, அது நிற்கும்.

ஒட்டிக்கொண்ட பக்கங்கள் இன்னும் இருந்தால் பிய்க்காதீர்கள். லேசாக ஈரம் காட்டி, மெல்லிய ஸ்கேலை உள்ளே விட்டுப் பொறுமையாகப் பிரியுங்கள். வாட்டர் கலர் பக்கமாக இருந்தால் ஈரமும் வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள். கறுப்புப் புள்ளி விழுந்திருந்தால் பூஞ்சை. நிழலில் நன்றாகக் காயவிட்டு, மூக்கை மூடிக்கொண்டு, காய்ந்த மெல்லிய தூரிகையால் வீட்டுக்கு வெளியே தட்டிவிடுங்கள். வெயிலில் போட்டால் நிறம் வெளிறும், தாள் நெளியும்.

இனி நோட்டுகளைப் பீரோவின் மேல்தட்டில் படுக்கை வாக்கில் வையுங்கள், சுவரை ஒட்டி வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துப் புரட்டுங்கள், இல்லாவிட்டால் ராமபாணப் பூச்சி புரட்டும். முக்கியமான படங்களைப் பகல் வெளிச்சத்தில் போனில் எடுத்து, வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் யாருக்காவது அனுப்பி வையுங்கள். மலையைப் போனில் எடுக்காதீர்கள் என்றுதான் சொன்னேன், படத்தை எடுக்கலாம்.