தரையில் உட்காரும் தட்டான்

கேள்வி: அறுவடை முடிந்த எங்கள் களத்தில் சின்னத் தட்டான்கள் செடியில் உட்காராமல் வெறும் மண்ணிலேயே உட்காருகின்றன. சில நீலம், சில கறுப்புக் கோடு போட்ட மஞ்சள்பச்சை. இரண்டும் வேறு இனம் என்கிறான் மகன். ஆணும் பெண்ணும் என்கிறேன் நான். யார் சொல்வது சரி? இது நம்ம பக்கம் மட்டும்தான் உண்டா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: முக்கால் மதிப்பெண் உங்களுக்கு. இனம் ஒன்றுதான். டிப்ளகோடெஸ் டிரிவியாலிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். அதில் டிரிவியாலிஸ் என்ற பின்பாதி 1842-இல் ராம்பூர் என்ற பிரெஞ்சுப் பூச்சியியலாளர் வைத்தது. கால் மதிப்பெண் குறைத்தது ஏன் என்றால், மஞ்சள்பச்சை எல்லாம் பெண் இல்லை. இளம் ஆணும் அதே நிறம்தான். வயது ஏற ஏற அதன் உடம்பில் மெழுகுப் பொடி பூக்கும், பன்னீர் திராட்சையின் தோலில் படிந்திருப்பது மாதிரி. கோடுகள் ஒவ்வொன்றாக அதற்குள் மறைந்து கடைசியில் முழு நீலமாகிவிடும். வால்நுனி உறுப்பு மட்டும் வெளிறியே இருக்கும். பாதி நீலமாக ஒன்று அகப்பட்டால் மகனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், வழக்கு தீர்ந்துவிடும். (பிடித்து நூல் கட்ட வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.)

அப்புறம், நம்ம பக்கம் மட்டுமா? அதெல்லாம் இல்லை. மேற்கே செஷல்ஸ் தீவுகளில் தொடங்கி இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா, ஜப்பானின் தென்கோடித் தீவுகள், வட ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை இதன் எல்லை. வயிறு சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான் நீளம். ஆள் கிட்டே போனால் எழும்பி நாலடி தள்ளி மறுபடி மண்ணில் உட்காரும் பூச்சி இது. இவ்வளவு தூரம் பரவியிருப்பதற்கு எனக்குத் தெரிந்து முக்கியக் காரணம், இடம் பார்த்துப் பிகு பண்ணாத குணம். வயல் தண்ணீர், குட்டை, மழைக்குத் தேங்கிய பள்ளம் எதுவும் சம்மதம். ஆனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த எபிதெமிஸ் மரியே என்ற தட்டான் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி எங்குமே கிடையாது.

சாயலில் ஏமாறாதீர்கள். இறகு நுனி கறுத்திருந்தால் அது இதன் பங்காளி, டிப்ளகோடெஸ் நெபுலோசா என்ற இனத்தின் ஆண். பச்சையும் கறுப்புமாக, உருவில் பெரிதாக, வயிறு மார்பை ஒட்டிய இடத்தில் புடைத்து நடுவில் ஒல்லியாக இருந்தால் அது ஆர்தெட்ரம் சபீனா என்ற வேறு தட்டான். அது வந்தால் உங்கள் குட்டித் தட்டான்கள் சிதறி ஓடும், மற்ற தட்டான்களையே பிடித்துத் தின்னும் ஆசாமி அது.