தீவுகளுக்கான படிப்பு: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

சிறு தீவு நாடுகளின் பசுமைப் பொருளாதாரத்தை, அதாவது இயற்கையைக் கெடுக்காமல் வருவாய் ஈட்டும் வழிகளைப் பற்றிப் படிக்க உங்கள் மகள் விரும்புவதாகவும், அந்தப் படிப்பு சோறு போடுமா என்று நீங்கள் கவலைப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அவருடைய ஆர்வத்தில் பிழையில்லை. ஆனால் இளநிலையிலேயே அந்தப் பெயரைத் தாங்கிய பட்டத்தில் சேருவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தீவுகளில் பணியிடங்கள் குறைவு என்பதால், ஆளெடுப்பவர்கள் விண்ணப்பதாரர் எதை அளப்பார், எந்த இயந்திரத்தை ஓட வைப்பார், எந்தக் கணக்கைப் போடுவார் என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். தாழ்வான பவளத் தீவுகளில் பெரும்பாலும் ஆறுகள் இருப்பதில்லை. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர், தன்னைவிட அடர்த்தி மிகுந்த உப்புநீரின்மேல் வில்லை வடிவில் மிதந்து நிற்கிறது. கோட்பாட்டின்படி, நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயர்ந்திருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். அப்படியானால் மேலே 10 சென்டிமீட்டர் குறையும்போது கீழே 4 மீட்டர் பறிபோகும். உண்மையில் பல தீவுகளில் இந்த நன்னீர்ப் படலம் இதைவிட மிக மெல்லியது. ஒரு கிணற்றில் நாளொன்றுக்கு எவ்வளவு இறைக்கலாம் என்று சொல்லத் தெரிந்த நிலத்தடி நீரியல் வல்லுநர் அங்கே எவ்வளவு தேவைப்படுவார் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

கடல்நீரைக் குடிநீராக்கலாமே என்றால், அதற்கு மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரமோ பல தீவுகளில் கப்பலில் வரும் டீசலை நம்பியிருக்கிறது. 2014 டிசம்பரில் மாலத்தீவின் தலைநகர் மாலேயில் குடிநீர் ஆலையில் தீப்பிடித்ததும், லட்சத்துக்கும் மேற்பட்டோர் குழாய்நீரின்றித் தவித்தனர். விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. இத்தகைய இடத்தில் நீர்ப் பொறியாளருக்கு மின்சாரமும், மின் பொறியாளருக்குத் தண்ணீரும் ஓரளவேனும் தெரிந்திருக்க வேண்டும். (பெரிய நாடுகளில் இவை தனித்தனித் துறைகள், தீவில் பல நேரங்களில் ஒரே மேசை.)

உங்கள் மகளுக்கு அறிவியலைவிடக் கணக்கும் சட்டமும் பிடிக்குமானால், அதற்கும் இடமுண்டு. இந்தியப் பெருங்கடல் தீவு நாடான சீஷெல்ஸின் நிலப்பரப்பு சுமார் 455 சதுர கிலோமீட்டர். அதன் தனிப் பொருளாதார மண்டலமான, அதாவது மீன் முதலிய வளங்களில் அந்நாட்டுக்கே உரிமையுள்ள கடற்பரப்போ 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். அந்நாடு 2018இல் 1.5 கோடி டாலர் மதிப்பில் உலகின் முதல் அரசு நீலப் பத்திரத்தை (கடல்வளப் பணிகளுக்குக் கடன் திரட்டும் பத்திரம்) வெளியிட்டது; 2020இல் தன் கடலில் 30 விழுக்காட்டைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கியது. பசிபிக்கில் மீன்வளத்தைக் கூட்டாக நிர்வகிக்கும் நவ்ரு உடன்படிக்கை நாடுகள், சூரை மீன் பிடிக்கும் வெளிநாட்டுக் கப்பல்களுக்கு மீன்பிடி நாள்களையே விற்று வருவாய் ஈட்டுகின்றன. எத்தனை நாள்களை விற்கலாம் என்று முடிவுசெய்ய மீன்வளப் புள்ளியியல் வேண்டும்; விற்ற நாள்களுக்கு மேல் யாரும் பிடிக்காமல் பார்க்கக் கடல்சார் சட்டமும் செயற்கைக்கோள் தரவும் வேண்டும்.

ஆகவே குடிசார் அல்லது மின் பொறியியல், நிலவியல், மீன்வள அறிவியல், பொருளியல், சட்டம் இவற்றுள் ஒன்றை அவர் இளநிலையில் ஆழமாகப் படிக்கட்டும். புவித்தகவல் முறையையும் (இடம் சார்ந்த தரவுகளைக் கணினி வரைபடத்தில் ஆராயும் முறை) புள்ளியியலையும் பக்கத்தில் கற்றுக்கொள்வது எத்துறைக்கும் உதவும். சுற்றுச்சூழல் பொருளாதாரமோ கடலோர மேலாண்மையோ முதுநிலைக்கு ஏற்றவை.

ஒன்றை நான் மறைக்கக் கூடாது. இத்துறையின் பணிகளில் பல, நிதி இருக்கும்வரை மட்டும் நீடிக்கும் திட்ட ஒப்பந்தங்கள். ஒப்பந்தம் முடிந்தபின் அடுத்தது கிடைக்கச் சில மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் அடிப்படைப் பட்டம் வேறிடத்தில் வேலை வாங்கித் தரும் என்பதாலும்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

விண்ணப்பிக்கும் முன், மேற்சொன்ன பாடங்களுள் எதன் பாடநூலைத் தேர்வு இல்லாத நாளிலும் திறந்து பார்ப்பார் என்று மகளிடம் கேளுங்கள். அவருடைய பதிலையும் மதிப்பெண்களையும் எழுதி அனுப்பினால், கல்லூரித் தேர்வைப் பற்றி அடுத்து யோசிக்கலாம்.