ஆழ்கடலில் பிடிபட்ட ஒரு மீன் ‘புதிய இனம்’ என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் இன்னொன்றும் சேர்த்திருந்தார்: யாருமே பார்க்காத மீன் வலையில் வந்தால் அன்றைக்கே பெயர் வைத்துவிடலாமா என்று. முடியாது. பெரும்பாலும் வருடக்கணக்கில் இழுக்கும்.

நான் ஹட்டன் பக்கம் உயிரியல் படிப்பிக்கும் டீச்சர். தோட்டத்தில் பிறந்தவள், கடலை முதன்முதலில் பார்த்ததே பதினாறு வயதில்தான். பேராதனையில் விலங்கியல் படித்தபோது கடைசி வருடம் முழுக்க, போத்தலில் கிடந்த ஆற்று மீன்களின் செதில்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆழ்கடல் மீனுக்கும் இதே வேலைதான். பிடிப்பது கடலில், புதியது என்று கண்டுபிடிப்பது மேசையில்.

முதலில் அளவு. வாய் நுனியிலிருந்து வால் செட்டை தொடங்கும் எலும்பு வரைக்கும் அளந்தால் அது நியம நீளம். தலை எவ்வளவு, கண் எவ்வளவு, உடம்பின் உயரம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் அந்த நீளத்தின் வீதமாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் சின்ன மீனையும் பெரிய மீனையும் ஒப்பிட வழியில்லை. அப்புறம் எண்ணிக்கை. செட்டையில் உள்ள கடினமான முட்களை ரோம இலக்கத்திலும், மென்மையான கதிர்களைச் சாதாரண இலக்கத்திலும் குறிப்பார்கள். முள்ளந்தண்டு எலும்புகளை எக்ஸ்ரே எடுத்து எண்ணுவார்கள். படத்துக்கு மீனின் இடது பக்கத்தைத்தான் காட்டுவது வழக்கம், அதனால் டிஎன்ஏ சோதனைக்குத் தசை வெட்டுவது வலது பக்கத்தில்.

இதெல்லாம் பொறுமை இருந்தால் முடிந்துவிடும். கஷ்டம் இதற்கு அடுத்ததில்தான். இந்த மீன் ஏற்கெனவே பெயர் உள்ள எந்த மீனும் இல்லை என்று காட்ட வேண்டும். அதற்கு அந்தச் சாதியில் (நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் தொகுதி, genus) இதுவரை எழுதப்பட்ட ஒவ்வொரு இனத்தோடும் ஒப்பிட வேண்டும். விலங்குப் பெயர்களுக்கான கணக்கு, உயிர்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் நூலின் பத்தாம் பதிப்பு வந்த 1758இல் தொடங்குகிறது. நம் பக்கத்துக் கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘இன்வெஸ்டிகேட்டர்’ என்ற கப்பல் வங்காள விரிகுடாவிலும் இலங்கையைச் சுற்றியும் ஆழத்தில் வலை இழுத்தது. அதில் வந்த மீன்களை அல்கொக் என்பவர் விவரித்து, 1899இல் ஒரு பட்டியலாகவே வெளியிட்டார். இன்றைக்கு இலங்கைக்குக் கிட்ட ஓர் ஆழ்கடல் மீன் கிடைத்தால், அதைப் புதியது என்று சொல்லும் முன் அல்கொக்கின் மீன்களையும் பார்த்தாக வேண்டும். எழுத்தில் இருப்பது போதாவிட்டால் அருங்காட்சியகத்துக்குப் போய் அந்தப் போத்தலையே திறந்து பார்ப்பார்கள். இப்போது புதிய இனம் ஒவ்வொன்றுக்கும் ‘ஹோலோடைப்’ என்று ஒரே ஒரு மீனைப் பெயருக்குச் சாட்சியாகக் குறித்து வைப்பது இதற்காகத்தான். நூறு வருடம் கழித்து யாருக்காவது சந்தேகம் வந்தால் அந்த மீனிடம் போய்க் கேட்கலாம்.

ஆழ்கடல் மீனில் கண்ணும் ஏமாற்றும். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் என்று அழுத்தம் கூடிக்கொண்டே போகிற இடத்தில் வாழ்ந்த உயிர் அது. மேலே இழுக்கும்போது காற்றுப்பை உள்ளதென்றால் வீங்கி, இரைப்பையே வாய் வழியாக வெளியே தள்ளிக்கொண்டு வரும். சிலவற்றின் உடம்பு கூழ் மாதிரி, வலையிலேயே கிழிந்துவிடும். மீனின் உண்மையான உருவம் எது, மேலே வந்ததால் ஆன உருவம் எது என்று பிரிக்கத் தெரிய வேண்டும்.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்று உண்டு, என் மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்வேன். நீண்ட நாடா வால் உள்ளது ஒரு குடும்பம், பெரிய மூக்கு உள்ளது இன்னொரு குடும்பம், செதில் இல்லாத திமிங்கில மீன்கள் மூன்றாவது குடும்பம் என்று விஞ்ஞானிகள் பல காலம் வைத்திருந்தார்கள். 2009இல் வெளியான ஆய்வில் மூன்றும் ஒரே குடும்பம்தான் என்று தெரிந்தது. நாடா வால் குஞ்சு, பெரிய மூக்கு ஆண், திமிங்கில மீன் பெண்! அதைத் தீர்த்து வைத்ததில் டிஎன்ஏக்குப் பெரிய பங்கு.

டிஎன்ஏ என்றதும் என் அனுபவம் ஒன்று. ஒருமுறை தசைத் துண்டு வெட்டி மதுசாரத்தில் வைக்கும் முன்பே மீன்களைப் போமலினில் போட்டுவிட்டேன். போமலின் உருவத்தைக் காக்கும், டிஎன்ஏயைக் கெடுக்கும். முடிவு ஒன்றும் வரவில்லை. ஆற்று மீன் என்பதால் அடுத்த கிழமையே போய்த் திரும்பப் பிடித்தோம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் வேறு: இதுவே ஆழ்கடல் மீனாக இருந்திருந்தால்?

எப்போதோ அழிந்துவிட்டது என்று நினைத்திருந்த சீலகாந்த் என்ற மீனுக்கு ஏறக்குறைய அதுதான் நடந்தது. 1938 டிசம்பரில் தென்னாபிரிக்காவில் மீன்பிடிப் படகொன்றில் வந்த அந்த மீனை அருங்காட்சியகத்தில் வேலை செய்த மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் கண்டெடுத்தார். அதைக் கெடாமல் வைக்கப் போதிய போமலின் இல்லை. தோலைப் பாடம் செய்து வைத்தார்கள், உள்ளுறுப்புகள் போய்விட்டன. மீன் ஆய்வாளர் ஸ்மித் 1939இல் அதற்கு லட்டிமேரியா சலும்னே என்று பெயர் வைத்தார், கண்டெடுத்த லாட்டிமரின் பெயரையும் மீன் பிடிபட்ட இடத்துக்குக் கிட்ட இருந்த சலும்னா ஆற்றின் பெயரையும் சேர்த்து. அடுத்த மீன் கையில் கிடைக்க 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு மீனை வைத்துக்கொண்டு பெயர் வைக்கலாம், விதி தடுக்காது. ஆனால் ஆண், பெண், சிறிது, பெரிது என்று பல இருந்தால்தான் எது இனத்தின் குணம், எது அந்த ஒரு மீனின் குணம் என்று தெரியும். பசிபிக் கடலின் மரியானா அகழியில் வாழும் நத்தை மீனை 2017இல் விவரித்தவர்கள் கையில் 37 மீன்கள் இருந்தன, எல்லாம் கிட்டத்தட்ட 6,900 முதல் 7,970 மீட்டர் ஆழத்தில் பிடித்தவை. அந்த விவரிப்பை நம்பிப் படிக்க முடிகிறது.

பெயர் வைத்ததோடு முடிவதும் இல்லை. நம் நக்கிள்ஸ் மலைப் பக்கத்துக் களு கங்கையில் ஒரு மீன் உண்டு, சேனாநாயக்க 1985இல் விவரித்தது. 2012இல் அதைத் தோக்கின்சியா என்ற புதிய சாதிக்கு மாற்றினார்கள். அதனால் மீனின் பெயருக்குப் பின்னால் எழுதும் அவர் பெயரும் ஆண்டும் இப்போது அடைப்புக்குறிக்குள் வரும். அடைப்புக்குறியைக் கண்டால் மீன் சாதி மாறியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

போன மாதம் என் அக்காவின் மகன் காசல்ரீ குளத்திலிருந்து ஒரு மீனைக் கொண்டுவந்து, “சித்தி, இது புதுசு, நான் பார்த்ததே இல்ல” என்றான். திலாப்பியா மாதிரிதான் தெரிந்தது. சொல்லவில்லை. கொப்பியைக் கொடுத்து முதுகுச் செட்டையின் முட்களை எண்ணச் சொன்னேன். அவனுக்கு 16, எனக்கு 17. ஞாயிற்றுக்கிழமை ஊசியை வைத்துக்கொண்டு திரும்ப எண்ணப்போகிறோம்.