பதின்மூன்றாவது சுற்று

அன்புள்ள ஆசிரியருக்கு,

1930, 40களின் குத்துச்சண்டைச் சாம்பியன் ஜோ லூயிஸ் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். உச்ச எடைப் பிரிவான ஹெவிவெயிட்டின் வீரர்களில் அவருக்கு நிகர் யாருமில்லை என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் காலத்து ஹெவிவெயிட் வீரர்கள் உசிக், ஃப்யூரி மோதிய இரண்டு சண்டைகளையும் முழுதாகப் பார்த்தவன் நான். லூயிஸின் எடை 90 கிலோ, ஃப்யூரியின் எடை 119 கிலோ. அந்த ஃப்யூரியையே உசிக் இருமுறை வென்றார். லூயிஸ் வென்றவர்களில் பாதிப் பேரை யாருக்கும் தெரியாது. இன்றைய உணவும் பயிற்சியும் அறிவியலும் அன்று இல்லை. உசிக்கின் முன் அவர் ஆறு சுற்றுத் தாங்குவாரா? 1950களின் சாம்பியன் மார்சியானோ இன்று இருந்தால் ஹெவிவெயிட்டிலேயே வரமாட்டாராமே? பழையவர்களைக் கொண்டாடுவது வெறும் ஏக்கம்தானே? என் அப்பா அலியைத் தவிர யாரையும் ஏற்கமாட்டார். இந்த விவாதத்தால் வீட்டில் எங்களுக்குள் பேச்சே குறைந்துவிட்டது.

ம.

அன்புள்ள ம.,

'யார் யாரை வீழ்த்துவார்' என்று கேட்டு மாதம் நாலு கடிதமாவது வருகிறது. நான் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதம் வந்த இரவு நான் லூயிஸ், பில்லி கான் சண்டையை எத்தனையாவது முறையாகவோ பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் தப்பித்தீர்கள்.

சில்லறைக் கணக்குகளை முதலில் தீர்த்துவிடுவோம். உணவு, அறிவியல்: இருக்கட்டும், விடுங்கள். பெயர் தெரியாத எதிராளிகள்: உண்மைதான். 1940 டிசம்பரிலிருந்து 1941 ஜூன் வரை ஏழே மாதங்களில் ஏழு முறை பட்டத்தைப் பணயம் வைத்த மனிதருக்கு மாதம் ஒரு மாவீரன் எங்கே கிடைப்பான்? உசிக் 2025 ஜூலையில் டுபுவாவை வீழ்த்தியபோது அது அவருடைய தொழில்முறை வாழ்க்கையின் 24ஆவது சண்டை. லூயிஸ் பட்டத்தைக் காத்துக்கொண்ட சண்டைகள் மட்டுமே 25.

எடையைப் பற்றி எழுதும் முன் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆம், சுமார் 84 கிலோ எடையுள்ள மார்சியானோ இன்று ஹெவிவெயிட்டுக்குக் கீழே உள்ள க்ரூஸர்வெயிட்டில்தான் ஆடுவார். லூயிஸும் அங்கேதான். அந்தப் பிரிவின் உச்சவரம்பு 90.7 கிலோ. ஆனால் உங்கள் உசிக் எங்கிருந்து வந்தார்? 2018இல் மாஸ்கோவில் க்ரூஸர்வெயிட்டின் எல்லாப் பட்டங்களையும் அள்ளிக்கொண்டு அங்கிருந்து மேலே ஏறியவர். 2024 டிசம்பரில் நடந்த மறுசண்டையில் ஃப்யூரி அவரைவிட 25 கிலோ கூடுதல். ஜெயித்தது யார்? 1935இல் லூயிஸ் எதிர்கொண்ட கார்னேரா அவரைவிட ஏறக்குறைய 29 கிலோ கூடுதல். ஆறாவது சுற்றில் முடிந்தது. எடைதான் எல்லாம் என்றால் நீங்கள் கொண்டாடவேண்டிய ஆள் ஃப்யூரி. உங்கள் வாதத்தை உங்கள் நாயகனே உடைத்துப் போடுகிறார், நீங்கள் அதைக் கைதட்டி ரசித்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். பழைய வீரர்களைக் கால இயந்திரத்தில் ஏற்றி இன்றைக்குக் கொண்டுவருகிறீர்கள். வருபவர்களின் கையிலிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டு அனுப்புகிறீர்கள் தெரியுமா? மூன்று சுற்றுகளை. பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து. அன்று பட்டச் சண்டை என்றால் பதினைந்து சுற்று, இன்று பன்னிரண்டுதான்.

1941 ஜூன் 18, நியூயார்க், போலோ கிரவுண்ட்ஸ். கான் லைட் ஹெவிவெயிட்காரர், லூயிஸைவிடப் பத்துக் கிலோவுக்கு மேல் இலேசானவர். பன்னிரண்டு சுற்று முடிந்தபோது நடுவர்களின் மூன்று புள்ளி அட்டைகளில் இரண்டில் கான் முன்னால் இருந்தார், மூன்றாவது சமம். இன்றைய விதிப்படி அங்கேயே மணி அடித்துக் கானின் கையைத் தூக்கியிருப்பார்கள். அன்று இன்னும் மூன்று சுற்று பாக்கி. விலகி நின்று ஆடியிருந்தாலே போதும். கானுக்கோ லூயிஸை வீழ்த்தியே ஜெயிக்கவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. பதின்மூன்றாவது சுற்றில் நெருங்கிப்போய் நின்று குத்தினார். சுற்று முடிய இரண்டு நொடி இருக்கும்போது பத்து எண்ணி முடித்தார்கள். பின்னாளில் இருவரும் நண்பர்கள். பட்டத்தை எனக்கு ஆறு மாதம் கடன் கொடுத்திருக்கக்கூடாதா என்று கான் கேட்டாராம். பன்னிரண்டு சுற்று உன்னிடம்தானே இருந்தது, நீதான் வைத்துக்கொள்ளவில்லை என்றாராம் லூயிஸ்.

மார்சியானோவைப் பாருங்கள். 49 சண்டை, 49 வெற்றி. அந்த எண்ணை நீங்களும் எங்காவது மேற்கோள் காட்டியிருப்பீர்கள். 1952 செப்டம்பரில் அன்றைய சாம்பியன் வால்காட்டிடம் முதல் சுற்றிலேயே கீழே விழுந்தார். பன்னிரண்டு சுற்று வரை மூன்று அட்டைகளிலும் பின்தங்கியிருந்தார். பதின்மூன்றாவதில் வந்தது அந்த வலதுகைக் குத்து. விதி பன்னிரண்டு சுற்று என்று இருந்திருந்தால் அந்த 49 என்ற எண்ணே கிடையாது. 1978இல் ஹோம்ஸும் நார்ட்டனும் மோதியபோது பதினான்கு சுற்று முடிந்து மூன்று அட்டைகளும் சமமாக இருந்தன. பட்டம் கடைசி மூன்று நிமிடங்களில் கைமாறியது. 1971இல் ஜோ ஃப்ரேசியரிடம் அலி விழுந்தது பதினைந்தாவது சுற்றில்.

அந்த மூன்று சுற்றை வாசித்து அறிந்தவன் இல்லை நான். பத்தொன்பது வயதில் ஒரு வருடம் போல ஒரு பயிற்சிக்கூடத்துக்குப் போய்வந்தேன். வாத்தியாருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். தொங்கும் மூட்டையில் பன்னிரண்டு சுற்று முடித்துக் கையுறையைக் கழற்றப் போனால், 'இன்னும் மூன்று' என்பார். வேறெதுவும் சொல்லமாட்டார். முதல் தடவை பதின்மூன்றாவதின் பாதியில் மூலையில் போய் வாந்தி எடுத்தேன். என் நெற்றியைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு நின்றார். முடிந்ததும் மறுபடி மூட்டையைக் காட்டினார். அந்த நிலையில் கைகள் நம்முடையவையாக இருப்பதில்லை. தெரிந்ததெல்லாம் மறந்து, எது உண்மையிலேயே உடம்பில் ஊறியதோ அது மட்டும் மிஞ்சும். எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால்தான் எழுத வந்தேன்.

கூடம் மூடும் நேரத்தில் அவர் என்னைக் கூப்பிடுவார். சட்டைப் பொத்தான் போடவேண்டும். அவருடைய விரல்கள் நடுங்கிக்கொண்டே இருக்கும், துளைக்குள் பொத்தான் போகாது. நான் போட்டுவிடுவேன். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

எனவே பதினைந்து சுற்று மறுபடி வரவேண்டும் என்று நான் கேட்கிறேன் என்று யாரும் கிளம்பவேண்டாம். 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் மான்சினியுடன் மோதிய கொரிய வீரர் கிம் டுக்-கூ பதினான்காவது சுற்றில் சரிந்தார். சில நாட்களில் இறந்தார். அதன் பிறகே அமைப்புகள் ஒவ்வொன்றாகப் பன்னிரண்டுக்கு இறங்கின. இறங்கியது சரி. எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பதினைந்தைக் கடந்தவர்களை, பன்னிரண்டின் அளவுகோலை வைத்துக்கொண்டு 'தாங்குவாரா' என்று கேட்பதற்கு ஒரு கூச்சம் வேண்டும். ஏக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏக்கப்படுபவன் அந்தச் சுற்றுகள் முடிந்துபோனதில் நிம்மதி அடைவானா?

உசிக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அல்லவா? 2024 மே மாதம் ரியாத்தில் ஒன்பதாவது சுற்றில் ஃப்யூரியைக் கயிற்றிலிருந்து கயிற்றுக்கு அவர் துரத்தியதைப் பார்த்தபோது என் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டேன். இடதுகை ஆட்டக்காரர், கால்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை, நேரம் ஆக ஆக மெருகு ஏறுகிறது. லூயிஸ் நகர்ந்துகொண்டே இருப்பவர்களிடம் திணறியவர். கானிடம் பட்டபாடு போதாதென்று 1947இல் வால்காட்டிடம் இருமுறை விழுந்து, நடுவர்கள் பிளவுபட்ட தீர்ப்பில் தப்பினார். ஆக, பன்னிரண்டு சுற்று என்றால் உசிக். பதினைந்து என்றாலும் உசிக்காகவே இருக்கலாம், இதை எழுதும்போது எனக்கே எரிச்சலாக இருக்கிறது. பழைய காலத்துக்குத் திருப்பி அனுப்பினால் அங்கே பிழைக்கக்கூடிய இன்றைய ஆள் அவர் ஒருவர்தான். ஆறு சுற்று என்பது மட்டும் பேத்தல். ஜெர்மானிய வீரர் ஷ்மெலிங்கை 124 நொடியில் முடித்த கைகள் அவை. அத்தனை குறுகிய தூரத்திலிருந்து அத்தனை கனமாக இறங்கும் குத்தை உசிக் இதுவரை சந்தித்ததில்லை.

அப்பாவிடம் பேச்சு குறைந்துவிட்டது என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தின் முதல் வரி அதுவாக இருந்திருக்கவேண்டும். மடத்தனம். இன்று மாலையே போய் 1971 சண்டையை அவரோடு உட்கார்ந்து பாருங்கள், பதினைந்தும் பாருங்கள். அலி தோற்ற சண்டைதான், ஆனால் விழுந்ததும் எப்படி எழுந்தார் என்று அவர் உங்களுக்குக் காட்டுவார். கிலோக் கணக்கைத் திறக்காதீர்கள். 1980இல் ஹோம்ஸுடன் நடந்ததை நீங்களாக எடுக்கவேண்டாம். அப்போது அலிக்கு 38 வயது. பத்தாவது சுற்று முடிந்ததும் அலியின் பயிற்சியாளர் டண்டீ சண்டையை நிறுத்தினார், ஜெயித்த ஹோம்ஸ் அழுதார். அப்பாவே அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் குறுக்கிடாமல் கேளுங்கள்.