புல்லில் தனியே கிடக்கும் மான் குட்டியை எடுத்து வளர்க்கலாமா?

கேள்வி: ஜெர்மனியில் ஒரு சிற்றூரின் ஓரத்தில் குடியிருக்கிறோம். நேற்று மாலை, வீட்டுக்குப் பின்னால் உள்ள புல்வெளியில், வெண்புள்ளிகள் கொண்ட மான் குட்டி ஒன்று சுருண்டு படுத்திருந்தது. ஒரு மணி நேரம் அருகில் நின்றும் தாய் வரவில்லை. இன்று காலையும் அது அங்கேயே இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து பால் கொடுக்கலாம் என்கிறாள் மகள். செய்யலாமா?

பதில்: வேண்டாம், தொடவும் வேண்டாம். மே, ஜூன் மாதங்களில் அங்கே அப்படிக் கிடப்பது பெரும்பாலும் ரோ மானின் குட்டி. ஜெர்மானியர் அந்த மானை 'ரே' என்றும் குட்டியை 'கிட்ஸ்' என்றும் சொல்வார்கள். (பெரிய சிவப்பு மானின் பெண்ணைத்தான் ரே என்கிறோம் என்று அங்கேயே பலர் நினைக்கிறார்கள், அவை இரண்டும் வெவ்வேறு இனங்கள்.) அந்தக் குட்டியைத் தாய் கைவிடவில்லை. நீங்கள் அருகில் நின்றதால்தான் அது வரவில்லை.

புள்ளிமான் கூட்டங்களைப் பார்த்துப் பழகிய நமக்குத் தனிக் குட்டி என்றாலே அனாதை என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ரோ மான் கோடையில் கூட்டமாக வாழ்வதில்லை. 15 முதல் 30 கிலோ வரை மட்டுமே எடையுள்ள இந்தச் சிறிய மானின் இரைப்பையும் சிறியது. மாட்டைப் போல முற்றிய புல்லை வயிறு நிறைய மேய்ந்து செரிக்க அதனால் இயலாது. தளிர், மொட்டு, இளம் பூண்டு, முட்செடிக் கொழுந்து எனச் சத்துள்ளவற்றைத் தேடித் தேடிக் கடிக்கிறது. உடலில் பெரிய கொழுப்புச் சேமிப்பும் இல்லாததால், அன்றன்று தின்பதிலிருந்தே அன்றன்றைய பால் ஊற வேண்டும். பெரும்பாலும் இரண்டு குட்டிகளை ஈனும் பிணைக்கு, அதாவது பெண் மானுக்கு, இது கடும் உழைப்பு. ஆகவே அது குட்டிகளைத் தனித்தனி இடங்களில் படுக்கவைத்துவிட்டு மேயப் போகிறது; நாளில் சில முறை மட்டுமே வந்து பாலூட்டி, குட்டியின் கழிவையும் நக்கித் தூய்மை செய்து, மணம் தங்காதபடி பார்த்துக்கொள்கிறது. பிறக்கும்போது ஒன்றரை கிலோ அளவே இருக்கும் குட்டிக்கு முதல் இரண்டு மூன்று வாரங்கள் ஓடித் தப்பும் வலு இல்லை. நரி வந்தாலும் மனிதர் வந்தாலும் அசையாமல் ஒட்டிப் படுத்திருப்பது ஒன்றே அதன் காப்பு.

குட்டிகள் இந்தச் சில வாரங்களில் ஒரே அலையாகப் பிறப்பதற்குப் பின்னால் ஒரு வியப்பான ஏற்பாடு இருக்கிறது. ரோ மான்கள் இணைசேர்வது ஜூலை, ஆகஸ்டில். கரு வழக்கம்போல் வளர்ந்தால் குட்டி நடுக்குளிர்காலத்தில் பிறந்து மடியும். ஆனால் கரு ஏறக்குறைய ஐந்து மாதங்கள் மிக மிக மெதுவாகவே வளர்ந்து, டிசம்பர் கடைசி அல்லது ஜனவரியில்தான் விரைவாக வளரத் தொடங்குகிறது. தியோடோர் பிஷோஃப் என்ற ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் 1854-இல் இதை விரிவாக எழுதினார். ஐரோப்பாவின் குளம்புள்ள காட்டு விலங்குகளில் வேறெதற்கும் இந்த வழக்கம் இல்லை. பத்து மாதத்துக்குச் சற்றுக் குறைந்த காத்திருப்பின் முடிவில், தளிர் பொங்கும் பருவத்தில் குட்டி தரையிறங்குகிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்தால் நேர்வது இதற்கு நேர்மாறானது. ரோ மானின் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட மிகுதி. பசும்பால் ஊட்டினால் வயிற்றுப்போக்கு கண்டு குட்டி இறந்துவிடக்கூடும். பிழைத்த ஆண் குட்டி மனிதரைத் தன் இனமாகவே எண்ணி வளர்ந்து, கொம்பு முளைத்தபின் வளர்த்தவரையே குத்தித் தாக்கும். அந்தப் பகுதியில் வேட்டையாடும் உரிமை பெற்றவரின் அனுமதியின்றி எடுப்பது ஜெர்மன் சட்டப்படி குற்றமும் ஆகும்.

காயம் தெரிந்தாலோ, உடலில் ஈ முட்டைகள் மொய்த்திருந்தாலோ, மணிக்கணக்கில் கீச்சிட்டுக் கத்தினாலோ, அருகிலுள்ள சாலையில் பிணை அடிபட்டுக் கிடந்தாலோ மட்டும் தலையிட வேண்டும். அப்போதும் நீங்களாக எடுக்காமல் 110 என்ற எண்ணில் காவல்துறையை அழையுங்கள். அந்தப் பகுதியின் வேட்டைப் பொறுப்பாளருக்கு அவர்கள் தகவல் சொல்வார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கவலைகொள்ள வைத்த சொல் 'புல்வெளி'. தீவனத்துக்கான முதல் புல் அறுப்பும் இதே வாரங்களில்தான் நடக்கும். எந்திரம் நெருங்கினாலும் குட்டி எழுந்து ஓடாது. நரியிடமிருந்து காத்த அதே அசைவின்மை இங்கே அதைக் கொன்றுவிடுகிறது. எனவே அந்த நிலத்தின் விவசாயி யார் என்று விசாரித்து, குட்டி கிடக்கும் இடத்தை இன்றே சொல்லிவிடுங்கள். தரை குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் வெப்பப்படக் கருவி பொருத்திய ட்ரோனால் தேடும் குழுக்கள் பல ஊர்களில் உள்ளன. அவை ட்ரோன் வாங்க ஜெர்மன் வேளாண் அமைச்சகம் 2021 முதல் நிதியுதவி அளித்துவருகிறது. தேடும் குழுவினர் குட்டியை வெறுங்கையால் தொடாமல் கைநிறையப் புல்லோடு சேர்த்து அள்ளி, வயலோரத்தில் வைத்து, அறுப்பு முடிந்ததும் விட்டுவிடுவார்கள்; குட்டியின் குரல் கேட்டுத் தாய் வந்து சேரும். வயலின் நடுவிலிருந்து வெளிப்புறமாக அறுக்கும்படியும் கேளுங்கள். அதுவரை உங்கள் வீட்டு நாயைக் கட்டி வையுங்கள். மகளுக்குக் குட்டியைப் பார்க்க ஆசையாக இருந்தால், மாடிச் சன்னலிலிருந்து தொலைநோக்கியில் பார்க்கட்டும். அந்தி நேரத்தில் தாய் வருவதையும் அவள் காணலாம்.