பாட்டி அலசிய ஆற்றுத் தங்கம்: கையெழுத்துப் போடலாமா?

மலேசியாவின் பகாங் மாநிலத்தில் உள்ள ரவுப் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் நான்கு ஏக்கர் ரப்பர் நிலத்தை ஒட்டிய ஆற்றில் பாட்டி டூலாங் என்ற ஆழமில்லாத மரத்தட்டில் மணல் அலசித் தங்கம் எடுத்திருக்கிறார். இப்போது ஒரு நிறுவனம் மண் மாதிரி எடுக்கவும் துளை போடவும் கையெழுத்து கேட்கிறது. எங்கள் நிலத்தடியில் தங்கம் நிச்சயம் என்கிறான் தம்பி. போடலாமா?"

பாட்டி எடுத்ததை நம்புகிறேன். மலாயில் 'ரவுப்' என்றாலே கையால் அள்ளுவது. 1889-ல் ஆஸ்திரேலியக் கம்பெனி வந்து சுரங்கம் வெட்டுவதற்கு முன்பே அங்கே கைத்தொழிலாகத் தங்கம் எடுத்தார்கள்.

ஆனால் தம்பி அவசரப்படுகிறார். ஆற்றுத் தங்கம் ஆற்றில் பிறந்ததல்ல. மேட்டுப் பாறைகளில் ஓடும் வெள்ளைப் படிகக்கல் நரம்புகளில் இருந்தது, பாறை மக்கியதும் மழையோடு இறங்கி வந்தது. மணலைவிட ஏழு மடங்கு கனம் என்பதால் நீர் வேகம் குறையும் வளைவுகளில் தங்கிவிடும். பாட்டியின் துணுக்கு ஏதாவது மிச்சமிருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். கரடுமுரடாக இருந்தால் மூலம் அருகில் இருக்கலாம். தட்டையாக, வழவழப்பாக இருந்தால் வெகுதூரம் உருண்டு வந்தது, உங்கள் நிலத்துக்குச் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம்.

அதனால்தான் ஆய்வு செய்பவர்கள் ஆற்றின் ஒவ்வொரு கிளையிலும் மேல்நோக்கி மணல் எடுத்துக்கொண்டே போவார்கள். தங்கம் எங்கே நின்றுபோகிறதோ, அதை ஒட்டிய சரிவில் கட்டம் கட்டமாக மண் எடுப்பார்கள். துளை அப்புறம்தான். ஒரு துளையில் டன் பாறைக்கு ஐந்து கிராம் தங்கம் வந்தாலும் பத்தடி தள்ளி ஒன்றுமே வராமல் போகும். தங்கம் அப்படித்தான் சிதறிக் கிடக்கும்.

சரி, கையெழுத்து. கிராண்ட் (நிலப் பட்டா) உங்கள் பெயரில் இருந்தாலும், 1965 தேசிய நிலச் சட்டப்படி அடியில் உள்ள கனிமம் மாநில அரசுடையது. ஆகவே உங்கள் சம்மதம் மட்டும் அவர்களுக்குப் போதாது. மாநில அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள், அது உண்மையா என்று நில அலுவலகத்தில் விசாரியுங்கள். எத்தனை துளை, வெட்டிச் சாய்க்கும் ரப்பர் மரத்துக்கு எவ்வளவு நஷ்டஈடு, துளையை யார் மூடுவது, பரிசோதனை முடிவின் நகல் கிடைக்குமா என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும். ஆய்வுக்கான தாளிலேயே நிலத்தை விற்கும் வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது.

இன்னொன்று, இது எனக்கு மிகவும் கவலையான விஷயம். கையால் வெட்டிய பழைய குழிகள் புதருக்குள் மூடிக் கிடக்கும். இயந்திரம் உள்ளே வருவதற்கு முன், ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துப்போய் அவற்றுக்குக் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள்.